ஓலை வாசித்த வீட்டில் சொல்லக் கூடாத சொல்

தெருச் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதன் நடுவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், வெள்ளச் சேதம் கணக்கெடுக்க வந்திருந்த இளம்பெண். வார் அறுந்த செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் விட்டிருந்தாள். கையில் ஒரு கத்தைப் படிவம்.

"ரெண்டே ரெண்டு கட்டம்தான் சார். முழுச் சேதம், பகுதிச் சேதம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதாவது ஒண்ணுல டிக் போடணும்" என்றாள்.

அவளுக்குத் தெரு தெரியாது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட உட்கார்ந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறாள். தெருவே சேர்ந்து என்னைக் கைகாட்டிவிட்டது. "சர்வேயர் அண்ணாச்சி இருக்காங்கள்ளா. அவங்களுக்குச் சேதம்லாம் தண்ணி பட்ட பாடு."

வெள்ளம் வடிந்து நாலு நாள்கூட ஆகாத தெருவில் அந்த வார்த்தையைக் கேட்டுச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆனால் உள்ளூர எனக்குப் பெருமைதான். இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் யார் என்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

நான் எந்த சர்வேயர்

தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காக ஒரு வரி. நான் நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலும் தோணியிலும் வந்து போகிற சரக்கு நனைந்தால், அழுகினால், உடைந்தால் போய்ப் பார்த்து இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதுகிற சர்வேயர். முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் பிழைப்பு. ஓய்வுபெற்ற பிறகும் தெருவில் பாதிப் பேர் எல்லைக்கல் தகராறுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

எங்கள் தொழிலில் அழிவுக்குக் கறாரான சொற்கள் உண்டு. கொஞ்சம் போனால் 'பார்ஷியல் லாஸ்'. எல்லாம் போனால் 'டோட்டல் லாஸ்'. இரண்டுக்கும் நடுவில் நான் மிகவும் ரசித்த ஒன்று 'கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்'. பொருள் கண்முன்னால் முழுசாக நிற்கும். ஆனால் அதை மீட்டு எடுக்க ஆகிற செலவு அதன் மதிப்பைத் தாண்டிவிடும். அதனால் நிற்கிற பொருளையே இல்லாத பொருளாக எழுதிவிடுவது. கண்ணுக்கு இருக்கிறது, காகிதத்தில் இல்லை. இதைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் குடும்பஸ்தன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். மேல் மூட்டையைப் பார்த்து எழுதாதே, அடி மூட்டைக்குள் கையை விடு. சரக்குக்காரன் வாயைப் பார்க்காதே. ரொம்ப ஜம்பமாகச் சொல்வேன். இந்தக் கதையில் அந்த ஜம்பத்துக்கு ஒரு வேலை இருக்கிறது.

சர்வநாசம், தினமும் காலை ஆறரைக்கு

வீட்டில் நிலைமை வேறு. என் மனைவி ஜெயா விளாத்திகுளத்துக்காரி. வானம் பார்த்த பூமி. மழை பெய்யாவிட்டால் பயிர் தீய்ந்து போகும், பிந்திப் பெய்தால் மணி பிடிக்காமல் சாவியாகப் போகும், கூடப் பெய்தால் அழுகிப் போகும். மூன்றுக்கும் மூன்று சொல் வைத்திருக்கிற குடும்பத்திலிருந்து பெண் எடுத்தால், அந்தச் சொற்களும் சீரோடு சேர்ந்து வரும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பால் பொங்கி வழிந்தால் "நாசமாப் போச்சு". தோசை கல்லில் ஒட்டினால் "வெளங்காமப் போச்சு". கரண்ட் போனால் "சோலி முடிஞ்சுது". வெளுத்த சட்டையில் காக்கை எச்சமிட்டால் அந்தக் காக்கை குலத்தோடு எடுபட்டுப் போகும். நான் பேனா மூடியைத் தொலைத்துவிட்டுத் தேடினால், இந்த வீடே உருப்படாது என்பது தீர்ப்பு. கல்யாணமான புதிதில், காலை ஆறரைக்கு அடுக்களையிலிருந்து "ஐயோ, எல்லாம் மண்ணாப் போச்சே" என்ற குரல் கேட்டுப் பதறி ஓடினேன். சட்னியில் உப்பு கூடியிருந்தது.

அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை. பேப்பரைப் பிரியுங்கள். கிரிக்கெட்டில் தோற்ற அணி துவம்சம். தேர்தலில் தோற்ற கட்சி தவிடுபொடி. பேருந்து மோதிய பெட்டிக்கடை சுக்குநூறு. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நடுவில் உலகம் நாலு தடவை நிர்மூலமாகிறது. நாமும் காப்பியைக் குடித்துவிட்டுக் குளிக்கப் போகிறோம்.

ஆனால் உண்மையாகவே எல்லாம் போனவர்கள் என்ன சொல்வார்கள்? எனக்கு ஒருவர் ஞாபகம் வருகிறார். காயல்பட்டினத்து சாகுல் காக்கா. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். மாலத்தீவுக்குத் தோணியில் வெங்காயம் அனுப்புகிறவர். ஒருமுறை தோணி வழியில் பழுதாகி, திரும்ப இழுத்துக்கொண்டு வருவதற்குள் அவ்வளவு வெங்காயமும் அழுகிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் தோணித் துறையில் நின்று மாலுமிகளை ஒவ்வொருவராக எண்ணினார். "ஆறு பேரும் இருக்கானுவோ. ஹைரு, அது போதும். நீங்க எழுதுங்க தம்பி" என்றார். எனக்குத் தேநீரும் வரவழைத்துக் கொடுத்தார். நான் 'டோட்டல் லாஸ்' என்று எழுதி அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, ரொம்பப் பெரிய வார்த்தையாக இருக்கிறதே என்றார்.

இதை அன்றே நான் குறித்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

தங்கபாண்டி அண்ணாச்சியின் நிர்மூலம்

மேஜைக்கு முதலில் வந்தவர் மாடிவீட்டு தங்கபாண்டி அண்ணாச்சி. பழைய பேருந்து நிலையம் பக்கம் பாத்திரக்கடை வைத்திருப்பவர். தண்ணீர் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் இரண்டு நாள் நின்றது. குடும்பம் மாடியில் இருந்தது.

"எழுதிக்கிடும்மா. சர்வநாசம். நிர்மூலம்" என்றார்.

"என்னென்ன சேதம் சார்?"

"மோட்டார் போச்சு. கார் சீட்டெல்லாம் நனஞ்சு நாறுது. காம்பவுண்டுச் செவரு அங்கன பாருங்க, சாஞ்சு நிக்கி. மொத்தத்துல ஒண்ணுமே இல்லன்னு வச்சுக்கிடுங்க."

அந்தப் பெண் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பகுதிச் சேதத்தில் டிக் போட்டாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டி போனவர் "தரைமட்டம்" என்றார். மெத்தை நனைந்தவர் "வாழ்க்கையே போச்சு" என்றார். நான் ஒவ்வொன்றையும் பாதியாகக் குறைத்து, அவள் காதில் படும்படி சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய தொழில் கைகொடுப்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

கடைசியாக வந்தவள் புஷ்பம். தெருக்கோடி வீடு. அதற்குப் பின்னால் உப்பளம்தான். அங்கேயே உப்புச் சுமக்கிற வேலை. புருஷன் இல்லை, ஸ்டெல்லா என்று ஒரே மகள். எங்கள் திண்டாட்டங்களுக்கெல்லாம் முதலில் வந்து நிற்கிறவள்.

"உங்க வீட்டுல என்னம்மா சேதம்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் புஷ்பம். "கொஞ்சம் போல தண்ணி வந்துட்டு. இப்பப் போயிட்டு."

நான் எட்டிப் பார்த்தேன். கோடியில் அவள் வீட்டு முன்சுவர் நேராக நின்றது. போன மாதம்தான் ரோஸ் கலர் அடித்திருந்தாள். கதவு பூட்டியிருந்தது. காலையிலிருந்து கேட்ட ஒப்பாரிக்கெல்லாம் நடுவில் இந்த ஒரு பதில் எனக்கு அவ்வளவு பிடித்துப் போய்விட்டது. "பாத்தியாம்மா, இதுதான் மனுஷி. பகுதின்னு போட்டுக்கோ" என்று நானே சொன்னேன்.

அந்தப் பெண் டிக் போட்டாள். புஷ்பம் கைநாட்டு வைக்கிறவள் இல்லை, அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பட்டியல் மறுநாள் சனிக்கிழமை மதியம் போய்விடும், அதற்குள் திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணும் போனாள்.

அடி மூட்டை

சாயங்காலம் ஜெயா, புஷ்பத்திடம் கொடுத்த அலுமினிய வாளியை வாங்கி வரச் சொன்னாள். போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பக்கச் சந்து வழியாகப் பின்னால் போனேன்.

பின்னால் வீடு இல்லை.

பின்சுவர் இல்லை. பக்கச் சுவர் ஒன்று பாதிக்கு மேல் விழுந்து கிடந்தது. கூரை ஓடுகள் சேற்றுக்குள் புதைந்து விளிம்பு மட்டும் தெரிந்தன. உப்பளத்து வரப்பு உடைந்து வந்த தண்ணீர் அந்தப் பக்கமாக நுழைந்து, எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. முன்சுவரும் கதவும் மட்டும் ரோஸ் கலரில் தெருவைப் பார்த்து நின்றன. தாயும் மகளும் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொண்டு பகலில் வந்து இங்கே சாமான் பொறுக்குகிறார்கள். அப்போதும் புஷ்பம் ஒரு தகரப் பெட்டியிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்தது கோபம். "ஏளா, ஒண்ணுமில்லன்னு ஏன் சொன்ன?"

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை."

இந்துக்களான எங்களுக்கு இது அரைகுறையாகத்தான் தெரியும். கத்தோலிக்கர் வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம். அதற்குத்தான் ஓலை வாசிப்பது என்று பெயர். ஸ்டெல்லாவுக்கு ஆறுமுகநேரியில் மாப்பிள்ளை. இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வலுத்த மழைதான் இந்த வெள்ளம்.

முதல் ஓலைக்கும் மூன்றாவது ஓலைக்கும் நடுவில் பெண் வீட்டில் அழிவுச் சொல் எடுக்கக் கூடாது. சொல்லவும் கூடாது, காதில் வாங்கவும் கூடாது. இது சாமியார் போட்ட சட்டம் இல்லை. புஷ்பத்தின் அம்மா, அவள் அத்தைமார் எல்லாம் வைத்திருந்த சட்டம்.

"எங்க அக்காவுக்கு அப்படித்தான். ரெண்டாவது ஓலைக்கு மறுநா, அப்பா வள்ளம் ஒடஞ்சு கெடக்கதப் பாத்துட்டு எங்கம்மா வாய்விட்டு அழுதுட்டா. எல்லாம் அழிஞ்சுதேன்னு. மூணாவது ஓலை வாசிக்கல. மாப்ள வீட்டுல வேண்டான்னுட்டாவ" என்றாள் புஷ்பம். "அக்கா கடைசிவரைக்கும் அப்படியேதான் இருந்தா."

வேண்டாமென்றது படகு போனதால்தானே, சொல்லால் இல்லையே என்று வாதாட வாயெடுத்தேன். ஸ்டெல்லா ஒரு பக்கம் நின்று கல்யாணப் புடவையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். சேற்றுக் கறை போகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பகுதிச் சேதம் என்று பட்டியல் போனால் புது வீட்டுக்கான வரிசையில் அவள் பெயர் இருக்காது. அந்த டிக்கைப் போடச் சொன்னது நான். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் அடி மூட்டையைப் பார் என்று உபதேசித்தவன், ரோஸ் கலர் சுவரைப் பார்த்து எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வாளியை வாங்காமலே வந்து ஜெயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

வீட்டார் இல்லாத பட்சத்தில்

சனிக்கிழமை காலை அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். வேறு செருப்பு போட்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"மாத்தலாம் சார். ஆனா வீட்டுக்காரங்க அவங்க வாயால சொல்லணும். இந்த வரியை வாசிச்சுக் காட்டி, கீழ கையெழுத்து வாங்கணும். நாளைக்கு யாராவது கேட்டா நான் பதில் சொல்லணும்லா?"

புஷ்பத்தை வாசலுக்குக் கூப்பிட்டு அவள் காட்டிய வரி, 'எனது வீடு முழுமையாக அழிந்துவிட்டது என உறுதி கூறுகிறேன்.'

புஷ்பம் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கும்போதே பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "திங்கக்கெழம சொல்லுதேம்மா. எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுதேன்."

"இன்னைக்கு மத்தியானம் லிஸ்ட் போயிரும்மா."

"அப்போ போவட்டும். வீடு இன்னொண்ணு கட்டிக்கிடலாம்."

எதை வைத்துக் கட்டுவாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவளும் அதற்குள் வாசலில் காயவைத்திருந்த தகரப் பெட்டி பக்கம் திரும்பிவிட்டாள்.

நான் படிவத்தை வாங்கினேன். காகிதத்தில் பொடி எழுத்தாக இருப்பதை முதலில் படிப்பது எங்கள் தொழில் வழக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்தது. 'வீட்டார் இல்லாத பட்சத்தில் அண்டை வீட்டார் இருவர் நேரில் கூறி ஒப்பமிடலாம்.'

அதைச் சத்தமாக வாசித்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு புஷ்பத்தைப் பார்த்தாள். "இவங்க இங்கனதான நிக்காங்க?"

சத்தம் கேட்டு அப்போது ஜெயா வந்து சேர்ந்தாள். கையில் தோசைக்கரண்டியோடு அப்படியே வந்திருந்தாள். நேராக அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, கதவைத் தள்ளி, ரோஸ் கலர் வாசல் வழியாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். நாலு எட்டு வைத்ததும் இரண்டு பேரும் உப்பளத்து வரப்பில் நின்றார்கள்.

"வாசல்ல நொழஞ்ச. இப்பம் வரப்புல நிக்க. நடுவுல வீட்டப் பாத்தியா? வீடே இல்ல, வீட்டார் எங்கேருந்து இருப்பாவ?"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சரி, அண்டை வீட்டார் சொல்லுங்க" என்று பேனாவைத் திறந்தாள்.

"ஏளா புஷ்பம், நீ அந்த வேப்பமரத்துப் பக்கம் போ. திரும்பி நில்லு. காதப் பொத்திக்கோ. ஸ்டெல்லாவயும் கூட்டிட்டுப் போ" என்றாள் ஜெயா.

இரண்டு பேரும் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, காதில் விரலை விட்டுக்கொண்டு நின்றார்கள்.

பிறகு ஜெயா ஆரம்பித்தாள். நாற்பது வருஷமாகப் பாலுக்கும் சட்னிக்கும் காக்கைக்கும் செலவழித்துப் பழகிய சொல்லெல்லாம் அன்றைக்கு இடம் பார்த்து இறங்கின. செவரு மண்ணாப் போச்சு, ஓடு சல்லி சல்லியாப் போச்சு, அடுப்பு இருந்த எடம் தெரியல, பெட்டி போச்சு, கட்டில் போச்சு, கல்யாணத்துக்கு எடுத்த சீலை நாசமாப் போச்சு. ஒன்றுகூட மிகை இல்லை. ஒவ்வொன்றையும் கரண்டியால் காட்டிக் காட்டிச் சொன்னாள். நான் குறைக்க ஒரு வார்த்தையும் இல்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டே வந்தாள்.

"முழுச் சேதம்" என்றேன் நான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

போகும்போது அந்தப் பெண் வேப்பமரத்தைப் பார்த்து, "அவங்கள இனி காதுல இருந்து கையை எடுக்கச் சொல்லுங்க சார்" என்றாள்.

மூன்றாவது ஓலை

ஞாயிற்றுக்கிழமை நாங்களும் கோயிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றோம். சாமியார் இரண்டு பெயர்களையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக மௌனமாக இருந்ததில்லை. ஆறுமுகநேரிக்காரர்களும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பூசை முடிந்ததும் புஷ்பத்திடம் வந்து, "நேத்தே வந்து வீட்டப் பாத்துட்டுப் போனோம் மதினி. நீங்க ஒண்ணும் சொல்லலயேன்னு நாங்களும் ஒண்ணும் கேக்கல" என்றார். கல்யாணம் குறித்த தேதியில் நடக்கும் என்றும் சொன்னார்.

நாலு பேரும் தெருவுக்கு நடந்து வந்தோம். புஷ்பம் ரோஸ் கலர் சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். கதவைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இனிச் சொல்லலாம்லா?"

"சொல்லும்மா."

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். "எல்லாம் அழிஞ்சுபோச்சு அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தது அழுகை. வெள்ளம் வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. நான் எத்தனையோ அறிக்கைகளில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன். அது எல்லாம் பறிகொடுத்த ஆளின் வாயிலிருந்து வருவதை அன்றைக்குத்தான் கேட்டேன். என் கண்ணும் கலங்கியது.

ஜெயா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவளிடம் இல்லாத சொல்லா? ஒன்றையும் எடுக்கவில்லை. "ஒண்ணுமில்ல ஏளா, ஒண்ணுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் பேசவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படிச் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பால் பொங்குவது தெரிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. பொங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வழிந்தது. அடுப்பு சீறியது. ஜெயா திரும்பினாள்.

"போச்சு. பூராப் பாலும் நாசமாப் போச்சு. மனுசன்னு ஒருத்தர் உக்காந்திருக்கீங்களே, இந்த வீடு உருப்படுமா?"

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தேன்.